ஒரு தொட்டி நீலம்

கல்லூரியின் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் காலையில், மேலத்தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் போனான் என்பதற்காகச் சாலமோனைப் பலவேசம் புளிய விளாறால் அடித்தார். கை ஓயும்வரை அடித்தார். அந்த விளாறு கீழக்காலனிப் பையனின் முதுகில் விழுந்த ஒவ்வொரு முறையும், தெருவின் மறுகோடியில் பெரிய வீட்டில் தோசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மருதப்பனின் முதுகிலும் விழுந்தது. பனியன் கிழியவில்லை, பனியனுக்குள்ளே தோல் கிழிந்தது. அவன் அலறிக்கொண்டு எழுந்தபோது தோசைத் தட்டு உருண்டு முற்றத்துக்குப் போனது. அடித்து முடித்து வியர்வையைத் துடைத்தபடி வீட்டுக்குள் நுழைந்த பலவேசம், அண்ணன் மகனின் முதுகைப் பார்த்துவிட்டு, “எவன்லே எம்புள்ள மேல கைய வச்சவன்? அவன் கைய எடுக்காம விடமாட்டேன்” என்று கத்தினார். விளாறு அவர் கையிலேயே இருந்தது. அதன் நுனியில் இருந்த ரத்தம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

அடுப்படியில் நின்ற மருதப்பனின் தங்கை வடிவின் முதுகிலும் அதே கோடுகள் விழுந்திருந்தன. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் பெண்களின் முதுகில் கோடு இருந்தால் அதற்குக் காரணம் தேடுகிற பழக்கம் கிடையாது. கடைத்தெருவில் தன் வாப்பாவின் கடையில் கறி வெட்டிக்கொண்டிருந்த நாகூர் மீரான், யாரோ பின்னாலிருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்துக் கத்தியோடு திரும்பினான். பின்னால் தொங்கிய ஆட்டுத் தொடையைத் தவிர அங்கே யாரும் இல்லை.

இந்த நாலு பேரும் ஒரே வகுப்பு. மருதப்பன் ஒரு வருஷம் தோற்றுத் தங்கையோடு வந்து சேர்ந்துகொண்டவன். கடைசிப் பரீட்சை முடிந்ததும் பேனா மையை ஒருவர் மேல் ஒருவர் அடித்து, சட்டையில் பெயர் எழுதிக்கொண்டு பிரிவது அந்தக் கல்லூரியில் வழக்கம். மீரான் ஒரு மைப்புட்டி வாங்கி வந்திருந்தான். அந்த ஒரே புட்டியை நாலு பேரும் மாற்றி மாற்றி மூன்று வெள்ளைச் சட்டைகளிலும் வடிவின் வெள்ளைத் தாவணியிலும் கொட்டித் தீர்த்தார்கள். மற்ற பிள்ளைகளும் அப்படித்தான் செய்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர்களுக்கு ஆயிற்று. ஏன் என்று எங்கள் பூவானிக்குளத்தில் இன்றுவரை யாரும் பெரிதாக யோசித்தது கிடையாது. மழை ஏன் பெய்யவில்லை என்பதையே நாங்கள் அந்தந்த வருஷத்தோடு யோசித்து முடித்துவிடுகிறவர்கள்.

மருதப்பனின் அப்பா ஆவுடையப்பன் ஊர்ப் பெரியவர். அவர் நாலு பேரையும் கோயில் முன்னால் உட்கார வைத்தார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சாலமோனின் கட்டைவிரலில் ஊசியால் குத்தினார். நாலு கட்டைவிரலில் ரத்தம் மொட்டு விட்டது. மருதப்பனைக் குத்தினார், நாலிலும் வந்தது. கூட்டம் ஆச்சரியப்படவில்லை, சங்கடப்பட்டது. தெருவில் கோபம் வந்தால் காலனி ஆளை அடிப்பதும், வீட்டில் கோபம் வந்தால் பெண்ணை அடிப்பதும், இரண்டும் வாய்க்காதவன் மாட்டை அடிப்பதுமாகப் பழகிய ஊர். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், “அப்ப இனிமே யாரைத்தான் அடிக்கிறது?” என்று கேட்டது. கேலியாகக் கேட்கவில்லை, வழி தெரியாமல் கேட்டது.

ஆவுடையப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். “எம்மவன் உடம்புல ஒரு கீறல் விழுந்தாலும், அது எவன் மேல அடிச்சு விழுந்ததுன்னு பாக்க மாட்டேன், அடிச்சவன் குடல உருவிருவேன். காலனிப் பய மேல ஒருத்தன் நிழலும் படக்கூடாது. போங்க.”

சாலமோனின் அம்மா எஸ்தர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள். அடிபட்டு வருகிற எல்லா உடம்பையும் துடைத்துத் துடைத்து, ஊரில் யார் யாரை எதனால் அடிப்பார்கள் என்று காயத்தைப் பார்த்தே சொல்லுவாள். அன்று மகனின் முதுகுக்கு மருந்து போட்டுக்கொண்டே, “உன் ஒடம்பு இனிமே உனக்கு மட்டும் சொந்தமில்ல. அவனுவ பயப்படுற வரைக்கும் வெளிய திரிஞ்சு சந்தோசமா இருந்துக்க. பயம் போற அன்னைக்கு எனக்குச் சொல்லு, துணிமணியக் கட்டி வைக்கணும்” என்றாள்.

“பயம் போனா எப்படிம்மா தெரியும்?”

“மொதல்ல உன்னைப் பாத்துச் சிரிப்பானுவ.”

அப்படித்தான் அந்தக் கோடை தொடங்கியது. படித்து முடித்தவர்கள், வேலைக்குப் போகாதவர்கள், அடிக்க முடியாதவர்கள். அந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒரு மனுஷனுக்கு வாய்ப்பது எங்கள் பக்கத்தில் அபூர்வம். அவர்கள் பகல் பன்னிரண்டு மணிவரை தூங்கினார்கள், எழுந்து அருவிக்குப் போனார்கள், அருவியில் தலையைக் கொடுத்தவன் ஒருவன் என்றாலும் நாலு பேருக்கும் உச்சந்தலை மரத்துப்போனது. மேலத்தெரு டீக்கடையில் எல்லோரும் குடிக்கிற கண்ணாடி கிளாஸில் சாலமோன் முதல்முறையாக டீ குடித்தான். கடைக்காரர் ஆற்றிக் கொடுத்துவிட்டு, “சூடு பாத்துக் குடிப்பா, நாக்கச் சுட்டுக்கிடாத” என்று கெஞ்சினார். மீரான் கறி வெட்டும்போது விரலைக் கீறிக்கொண்டால் மற்ற மூன்று பேரும் இருந்த இடத்திலிருந்தே அவன் உம்மாவைத் தவிர எல்லோரையும் திட்டினார்கள். வடிவு சினிமாவுக்குப் போய் வந்த ஒரு சாயங்காலம் ஆவுடையப்பன் பழைய பழக்கத்தில் அவளை அறைந்தார். கூடத்தில் மருதப்பனின் கடைவாய்ப் பல் ஆடியது. அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

வலியையே அவர்கள் பேச்சாக்கிக்கொண்டார்கள். இடது காதைக் கிள்ளினால் புரோட்டாக் கடைக்கு வா. முழங்கையில் தட்டினால் பைக்கை எடு. சுண்டுவிரலைக் கடித்தால் எங்கே இருந்தாலும் கிளம்பி வா. இதுபோலப் பல குறிகள். ஓடிப்போய்விடு என்பதற்கு மட்டும் அவர்கள் ஒரு குறியும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோடையில் அதற்குத் தேவை வரவில்லை.

பைக் மருதப்பனுடையது, பாஸானதற்கு அப்பா வாங்கிக் கொடுத்தது. ஆனால் அவன் அதை ஓட்டினால் விழுவான், விழுந்தால் நாலு பேருடைய முழங்காலும் தேயும். ஆகவே மூன்று பேரும் சேர்ந்து அவனைக் கெஞ்சி, பிறகு மிரட்டி, பைக்கைச் சாலமோனிடம் கொடுக்க வைத்தார்கள். “எங்கப்பன் வாங்கின வண்டில நான் பின்னால உக்காரணுமா?” என்று மருதப்பன் முறைத்தான். “உங்கப்பன் வண்டிதான் வாங்கினாரு, எங்க முட்டிய வாங்கலல்லா?” என்றான் மீரான். பேருந்து நிறுத்தத்தில் இருந்த என் சைக்கிள் கடையில்தான் அந்த வண்டிக்குக் காற்றடிப்பார்கள். காற்றடிக்கும்போது டயரை விட அவர்கள்தான் அதிகமாக உப்பிக்கொண்டு நிற்பார்கள், அத்தனை சிரிப்பு.

ஆடி பிறப்பதற்குள் மீரான் கழன்றுகொண்டான். அவனுடைய உம்மா, மை பிடித்த அந்தச் சட்டையைச் சோடா உப்பில் அவித்து அடித்துத் துவைத்து வெளுப்பாக்கிவிட்டாள். மறுநாள் மீரான் பெருவிரலை ஆழமாகவே வெட்டிக்கொண்டான், மற்ற மூன்று பேரும் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, “என்னைய விட்டுட்டுத் திங்கிறீங்களாலே? எனக்கு வலிக்கி, உங்களுக்கு வலிக்கல்லியாலே?” என்று நடுக்கடையில் நின்று அழுதான். சாலமோன் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊட்டிவிட்டான்.

மையைத் துவைத்தால் கழன்றுவிடும் என்கிற செய்தி கறிக்கடையிலிருந்து மேலத்தெருவுக்கு வந்தது. ஆண்கள் அதை அவ்வளவோடு கேட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். மீதியைப் பெண்கள் கேட்டார்கள். அதே பானையில், அதே தண்ணீரில் மீரானின் வாப்பாவுடைய தோள் துண்டையும் அவள் முக்கி எடுத்திருந்தாள் என்பதும், மகன் கழன்ற அன்றே வாப்பா மாட்டிக்கொண்டார் என்பதும், அவர் எலும்புச் சில்லில் உள்ளங்கையைக் குத்திக்கொண்டபோது வடிவின் உள்ளங்கையில் ரத்தம் வந்தது என்பதும் அந்த மீதி. துணி துவைத்த தண்ணீர் எங்கே போகிறது என்று எங்கள் ஊரில் எந்த ஆணும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் வடிவு பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் வரவில்லை, மீரான் வரவில்லை. சாலமோன் ஓட்ட, அவள் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, பட்டப்பகலில், மேலத்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய், திரும்பியும் வந்தார்கள். எங்கேயும் போவதற்காக இல்லை, சும்மா போனார்கள். அதுதான் ஊரை எரித்தது. காரியமாகப் போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பார்கள்.

ஆவுடையப்பன் வீட்டு வாசலில் அரிவாளோடு நின்றார். வடிவு இறங்கி, தாவணியைச் சரிசெய்துகொண்டு, அவர் முன்னால் வந்து நின்றாள். “நான் அவனைக் கட்டிக்கிடப் போறேனா இல்லியான்னு நானே இன்னும் முடிவு பண்ணலப்பா. அதுக்குள்ள நீங்க எதுக்கு அருவாளத் தூக்குதீங்க?” என்றாள். அவர் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் சாலமோன் டீக்கடைக்கு வந்தபோது பலவேசம் அவனைப் பார்த்துச் சிரித்தார். “வாப்பா, பட்டதாரி. அம்மன் கோயில் கொடைக்கு ஊர்லதான இருப்ப?” என்றார். சாலமோன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னான். எஸ்தர் பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

பெரிய வீட்டில் முடிவாகியிருந்தது. ஆவுடையப்பன் தன் மனைவி உலகம்மாளைக் கூப்பிட்டு, “மருதப்பன் சட்டைய அவிச்சு மைய எடுத்துரு” என்றார்.

“வடிவு தாவணி?” என்று உலகம்மாள் கேட்டாள்.

“அது கெடக்கட்டும்.”

உலகம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். பலவேசம்தான் விளக்கமாகச் சொன்னார், மாட்டுக்கு விலை சொல்லுகிறவர் மாதிரி அமைதியாகச் சொன்னார். “ஒரே வெட்டுல ரெண்டு வேலையும் முடிஞ்சிரும் மதினி. நம்ம புள்ளைய நாம தொட்டோம்னு ஒருத்தன் சொல்ல முடியாது. கோயில்ல நிக்கா, சாமி முன்னால விழுதா. அம்மன் எடுத்துக்கிட்டான்னு சொல்லிருவோம். ஒரு கல்லு நட்டுக் கும்பிட்டுருவோம்.”

“சரி” என்றாள் உலகம்மாள். அவள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது.

எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேலத்தெரு ஆண்கள் எல்லோரும் ஒரே வெள்ளையில் போக வேண்டும். ஒருவன் வேட்டி பழுப்பாகவும் இன்னொருவன் வேட்டி பளிச்சென்றும் இருந்தால் தெருவுக்கு அவமானம். அதற்காகக் கொடைக்கு முந்தின நாள் எல்லா வீட்டு வேட்டிகளும் பெரிய வீட்டுக் கொல்லைக்கு வரும். அங்கே மாடு தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, நீலம் கரைத்து, தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து முக்கி எடுப்பார்கள். என் வேட்டியும் போனது. என் வீட்டுக்காரிதான் கொண்டுபோனாள், உலகம்மாளுக்குத் தொட்டி கழுவிக் கொடுத்ததும் அவள்தான். உலகம்மாள் அடுப்பில் மகனின் சட்டையை அவித்தாள், மை முழுக்க இறங்கும்வரை கம்பால் கிண்டினாள், சட்டையை எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு அந்தத் தண்ணீரை, சூடு ஆறுவதற்குள், அண்டாவோடு தூக்கிவந்து தொட்டியில் ஊற்றினாள். சுற்றி நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குனிந்து வேட்டிகளை முக்கத் தொடங்கினார்கள். இதை என் வீட்டுக்காரி என்னிடம் பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள், அதுவும் நான் கேட்டதால் இல்லை.

கொடையன்று வேட்டிகள் கண்ணைப் பறித்தன. அப்படி ஒரு வெண்மை அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஆவுடையப்பன் தலையில் பரிவட்டத்தோடு அம்மனுக்கு எதிரே உட்கார்ந்தார். பலவேசமும் அவரோடு நாலைந்து பேரும் மடித்துக் கட்டிய வேட்டிக்குள் அரிவாளைச் செருகிக்கொண்டு குளத்தங்கரை வழியாகக் காலனிக்குக் கிளம்பினார்கள். மருதப்பனை மச்சு அறையில் பூட்டியிருந்தார்கள். அவன் தன் சுண்டுவிரலைக் கடித்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து கடித்து, விரல் நகத்தோடு பிய்ந்து தொங்கும் அளவுக்குக் கடித்திருந்தான். வாய் முழுக்க ரத்தம். ஆனால் சட்டை வெளுத்துவிட்டது, அந்த வலி அவனைத் தாண்டி எங்கும் போகவில்லை. ஓடிப்போய்விடு என்று சொல்லக் குறி இல்லாததால், கிளம்பி வா என்பதையே அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான், அது யாருக்கும் கேட்காமல்.

கோயிலுக்குப் புறப்படுமுன் உலகம்மாள் ஜன்னல் கம்பி வழியாக ஒரு வேட்டியை உள்ளே திணித்தாள். “கட்டு” என்றாள்.

“எம்மா, கதவத் தெறம்மா, அவனக் கொல்லப் போறானுவம்மா. வடிவும் செத்துப் போவாம்மா.”

“சாவி என் கையில இல்ல. வேட்டி இருக்கு. கட்டிக்கிட்டுக் கடி.”

அவன் கட்டினான். கடித்தான்.

குளத்தங்கரையில் போய்க்கொண்டிருந்த பலவேசம் கையை உதறினார். சுண்டுவிரலில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. “கட்டெறும்பு” என்றார். பின்னால் வந்தவர்களும் கையை உதறினார்கள். தனக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒவ்வொருவரும் விரலை மறைத்துக்கொண்டார்கள். கோயிலில் நான் கையை உதறினேன், என் பக்கத்தில் நின்றவர் உதறினார், ஆவுடையப்பன் விரலைப் பார்த்துவிட்டு மேலே மரக்கிளையில் எறும்பு தேடினார். பெண்கள் பக்கத்தில் வடிவு மட்டும் தன் விரலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அண்ணன் கூப்பிடுகிறான். காலனியில் சாலமோனும் பார்த்தான். “மருதப்பன் வரச் சொல்லுதாம்மா, போயிட்டு வந்துருதேன்” என்று பெட்டி கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவள் தடுப்பதற்குள் பைக்கை எடுத்தான். நண்பன் கூப்பிட்டதால், அரிவாள்களை நோக்கி அவனே வந்தான்.

குளத்தங்கரைத் திருப்பத்தில் மறித்தார்கள். பைக்கை ஓங்கி மிதித்துச் சாய்த்தார்கள், எழுந்தவனின் தலைமுடியைப் பிடித்து வளைத்தார்கள். அந்த அவசரத்தில் தங்கள் முழங்காலில் தேய்ந்த தோலையும், தங்கள் தலைமுடி வேரில் எழுந்த எரிச்சலையும் அவர்கள் கவனிக்கவில்லை. கோபம் அப்படி. பலவேசம் கழுத்தைப் பார்த்து ஓங்கினார். சாலமோன் இடது கையைத் தூக்கினான். அரிவாள் முழங்கைக்குக் கீழே இறங்கி எலும்பில் போய் நின்றது.

அரிவாள் முதலில் பலவேசத்தின் கையிலிருந்துதான் விழுந்தது. அவருடைய இடது கை, யாரும் தொடாமலே, முழங்கைக்குக் கீழே வாய் பிளந்து எலும்பைக் காட்டியது. அவரோடு வந்த எல்லோரும் அதே கையைப் பிடித்துக்கொண்டு கரைமேல் உட்கார்ந்தார்கள். ஒருவன், “யாருலே என்னைய வெட்டினது? யாருலே?” என்று தன் கூட்டாளிகளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே மயங்கினான்.

கோயிலில் வில்லிசை நடந்துகொண்டிருந்தது. மேலத்தெருவின் ஆண்கள் அத்தனை பேருடைய இடது கையும் ஒரே கணத்தில் வெட்டுப்பட்டது. என் கையும் பட்டது. கூர்மையான, குளிர்ச்சியான ஒரு வரி, அதற்குப் பின்னால் ரத்தம். அந்தப் பெருமைக்குரிய ஒரே வெள்ளை, எங்கள் கண் முன்னாலேயே ஒரே சிவப்பானது. வெளியூரிலிருந்து வந்த வில்லிசைக்காரர்கள் அதுவும் கொடையில் ஒரு சடங்கு என்று நினைத்து இன்னும் வேகமாக அடித்தார்கள். பெண்களில் வடிவு மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். உலகம்மாளின் மடியில் மஞ்சளும் கிழித்த சேலைத் துணியும் தயாராக இருந்தன. அவள் மகளின் கையை இறுக்கிக் கட்டி முடித்துவிட்டு, எழுந்து, ஆண்கள் பக்கத்துக்கு நடந்து, கணவனின் முன்னால் வந்து நின்றாள்.

“அடுத்த வெட்டு கழுத்துல விழும்” என்றாள். “நிறுத்தணும்னா ஆள அனுப்புங்க.”

“என்னட்டி பண்ணினே?” என்றார் ஆவுடையப்பன்.

“நீலம் பத்தல. கையில இருந்ததக் கலந்தேன்.”

அவர் பரிவட்டத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வாழ்நாளில் ஓடாத மனுஷன், குளத்தங்கரைக்கு ஓடினார். நாங்கள் எல்லோரும் ஓடினோம். அவர் ஓடிக்கொண்டே, “அவன விடுங்கலே! அவனுக்குக் கட்டுப் போடுங்கலே!” என்று கத்தினார். அங்கே கொல்லப் போனவர்கள், தங்கள் துண்டுகளைக் கிழித்து, முதலில் சாலமோனின் கையைத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் ரத்தம் நிற்காவிட்டால் தங்கள் ரத்தமும் நிற்காது என்பது அவர்களுக்கு அதற்குள் புரிந்திருந்தது. எஸ்தர் வந்து சேர்ந்தாள். மகனின் காயத்தைப் பார்த்தாள், பலவேசத்தின் காயத்தைப் பார்த்தாள். “இவனத் தூக்குங்க. தலைய ஆட்டாம தூக்குங்க” என்றாள். பலவேசம் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் தையல் போடும் நூல் தீர்ந்து, டவுனிலிருந்து வரவழைத்தார்கள். போலீஸ் வந்தது. ஒரே அரிவாள், ஒரே வெட்டு, தெரு நிறையக் காயம். வெட்டியவன் யார், வெட்டுப்பட்டவன் யார் என்று பிரிக்க முடியாமல் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

வேட்டிகளைத் திரும்பத் திரும்ப அவித்துப் பார்த்தோம். நீலத்தோடு சேர்ந்த மை போகவில்லை. ஒருவர் துணிந்து தன் வேட்டியைக் கொளுத்தினார். ஓரம் கருகியதும் தெரு முழுக்க இடுப்பில் கொப்புளம் கண்டது. எல்லோருமாக ஓடி அணைத்தோம். அதன்பின் வேட்டிகளைக் கற்பூரம் போட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்தோம். மேலத்தெருவில் ஆண்கள் ஒருவரை ஒருவர் அடிப்பது நின்றது. பெண்களை அடிப்பது அவ்வளவு எளிதாக நிற்கவில்லை. ஆனால் பெண்கள் திருப்பி அடிக்கத் தொடங்கினார்கள். யார் வீட்டில் விழுந்தாலும் எல்லா ஆண்களின் கன்னத்திலும் விழுந்ததால், எந்த வீட்டுப் பெண் அடித்தாள் என்று கடைசிவரை கண்டுபிடிக்கவே முடியவில்லை. நாங்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் டீக்கடையைக் கடந்து போவோம்.

கை ஆறியதும் சாலமோனும் வடிவும் கோயம்புத்தூர் பஸ் ஏறினார்கள். அவள் முடிவு பண்ணிவிட்டாள் என்று அதிலிருந்து ஊருக்குத் தெரிந்தது. பட்டப்பகல், பேருந்து நிறுத்தத்தில் மேலத்தெருவே நின்றது. பெட்டியை மருதப்பன் தூக்கி வந்தான், சுண்டுவிரலில் பாதி இல்லை. மீரான் வறுத்த கறிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, “எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. கடுதாசி போடுங்கலே” என்று மூக்கைச் சிந்தினான். பலவேசம் டிரைவரிடம் போய், “அண்ணாச்சி, திருப்பத்துல பாத்து ஓட்டுங்க. பிரேக்க மெதுவாப் போடுங்க. உங்க வண்டில ஒரு தெருவே ஏறுது” என்று கும்பிட்டார். ஆவுடையப்பன் வரவில்லை.

அதன்பிறகு அவர்களுடைய வாழ்க்கையை நாங்கள் உடம்பில் படித்தோம். மணிக்கட்டில் பொடிப் பொடியாகத் தீப்பொறித் தழும்பு விழுந்தபோது, பட்டறை வேலை கிடைத்துவிட்டது என்றோம். விரல் நுனியில் ஊசி ஏறியபோது, அவள் தையல் மிஷின் வாங்கிவிட்டாள் என்றோம். தாழ்வான நிலைப்படி இருக்கிற ஒரு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார்கள் என்பது எங்கள் நெற்றிகளுக்குத் தெரிந்தது. ஒரு சாயங்காலம் யாரோ சாலமோனைச் செருப்பால் அடித்தார்கள். மேலத்தெருவில் எல்லா ஆண்களும் கன்னத்தில் செருப்பின் தடத்தோடு வெளியே வந்து, எங்கே இருக்கிறான் அவன், காரணம் என்ன, கேட்க ஆள் இல்லையா என்று கொதித்தார்கள். பலவேசம் அழுதார். ஒருவனைச் செருப்பால் அடித்தால் அவனுக்கு எங்கே வலிக்கும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது.

பிறகு ஒருநாள் மத்தியானம் எங்கள் அடிவயிறு பிளந்தது. ரத்தம் வரவில்லை. பொழுது சாயும்வரை தெருவில் ஒரு ஆண் நிமிர்ந்து நிற்கவில்லை. கதவுகளைச் சாத்திக்கொண்டு நாங்கள் கத்திய கத்தலைக் கேட்டு, பெண்கள் தலைவாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். வலி விட்டதும் உலகம்மாள் கேட்டது ஒன்றுதான். “எல்லாருக்கும் மூச்சு இருக்கா?” இருந்தது. அவள் மகளுக்கும் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த மாசி மாதத்தில், என் கடைக்கு முன்னால் பஸ்ஸுக்கு நிறையப் பேர் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில், என் சுண்டுவிரலில் சுருக்கென்றது. பார்த்தேன். எறும்பு இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டே புள்ளி, அரிசி அளவு, கீழ்ப்பக்கம் மட்டும். மேலே வெறும் ஈறு அமுங்கிய வழவழப்பு. நிறுத்தத்தில் நின்ற எல்லா ஆண்களும் விரலைத் தூக்கிப் பார்த்தார்கள். மருதப்பனின் பாதி விரலிலும் இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே, “கிளம்பி வரச் சொல்லுது” என்றான். பிறகுதான் சிரித்தான்.

ஆவுடையப்பன் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடைப் பெஞ்சில் இருந்தார். இடது கையை மூடி வைத்திருந்தார். உலகம்மாள் அவர் எதிரே வந்து நின்று, “காட்டுங்க” என்றாள். அவர் காட்டவில்லை. அவளே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குனிந்து அந்த இரண்டு புள்ளிகளையும் பார்த்தாள். அவளுக்கு அந்த வலி எதுவும் வந்ததில்லை, அவள் எந்த வேட்டியும் கட்டியவள் இல்லை. கணவனின் விரலில்தான் அவள் தன் பேரப்பிள்ளையை முதலில் பார்த்தாள். ஒரு மஞ்சள் பை அவள் கையில் ஏற்கனவே இருந்தது.

“வாரியளா?” என்றாள்.

அவர் குளத்தங்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. உலகம்மாள் யாரிடமும் கேட்காமல், சரி என்று யாருக்கும் சொல்லாமல், ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மருதப்பன் அவள் பின்னால் தொற்றிக்கொண்டான். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அது திருப்பத்தில் மறையும்போது மறுபடியும் கடித்தது. முந்தியதைவிட ஆழமாக, விடாமல், பல் முளைக்கிற எரிச்சல் முழுவதையும் வைத்துக் கடித்தது. நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை உதறினோம். ஆவுடையப்பன் மட்டும் உதறவில்லை.